வாசலில் ஒரு சோடி செருப்பு

போன சித்திரையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மொன்றியலுக்கு வந்து முப்பது வருடம் ஆகப் போகிறது. அதுவரை எனக்கு யாரும் எதையும் போர்த்தியதில்லை, காய்ச்சல் நேரத்தில் மனைவி போர்த்திய கம்பளியைத் தவிர. நாவல் நிறம், சரிகைக் கரை. இப்போது அது அலுமாரியின் அடித்தட்டில் பழைய திரைச்சீலைகளுக்குக் கீழே கிடக்கிறது. தற்செயலாகக் கையில் பட்டால்கூட எனக்குக் காது சூடாகிவிடும்.

விழா எனக்கானது அல்ல. எங்கள் கிராமத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தொண்டர் தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதருக்கானது. அவர் என் அப்பாவை நெருப்புக்குள்ளிருந்து தூக்கி வந்தவர். நான் அந்த அப்பாவின் மகன். அந்த மேடையில் என்னுடைய தகுதி அவ்வளவுதான். அதுவும் அரைத் தகுதிதான் என்பது இதை வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

நான் பாரவூர்தி ஓட்டுபவன். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக இறக்குவது வேலை. நகரத்தில் வீடு வைத்திருந்த காலத்தில் என்னைவிட என் வண்டிக்குத்தான் இருக்க இடமில்லாமல் இருந்தது. கடைசியில் மொன்றியல் தீவை விட்டே வெளியேறினோம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, இன்னும் அரை மணி நேரம் மேற்கே போனால் சோளத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், பாலும் பியரும் விற்கும் ஒரு டெப்பனர் கடை, சுற்றிவர மாட்டுப் பண்ணைகள். தமிழர் என்றால் நாங்கள் மட்டும்தான்: நான், மனைவி, மகள், மகன். வண்டியை வளவுக்குள் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கிராமத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் தீயணைப்புப் படை கிடையாது. பண்ணைக்காரர், தச்சர், பள்ளிக்கூடத்து எழுத்தர் என்று கொஞ்சப் பேர் இடுப்பில் ஒரு சின்ன அழைப்புப் பெட்டியைச் செருகிக்கொண்டு தங்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பெட்டி கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர்களில் மூத்தவர்தான் நான் சொல்லும் மனிதர். தொழில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பஸ்காரர் என்று பெயர். அறுபதைத் தாண்டிய, கழுத்தே தெரியாத பெரிய உருவம். காலையில் மகளை ஏற்றும்போது ஒரு "பொன்ஜூர்", பின்னேரம் இறக்கும்போது ஒரு தலையாட்டல். பேச்சு அவ்வளவுதான். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார். அவருடைய சொந்த வண்டியின் பின்னால் நெருப்புக்குப் போடும் சப்பாத்தும் தடித்த கோட்டும் எப்போதும் கிடக்கும்.

ஒருமுறை அவருடைய பேத்தியின் பிறந்தநாளில், கேக் வெட்டப் போகும் நேரம் பெட்டி கத்தவே, மனுசன் கத்தியைப் பேத்தியின் கையில் கொடுத்துவிட்டு ஓடியதை மகள் வந்து சொன்னாள். "வேலைவெட்டி இல்லாத சனம்," என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தவன் நான்தான் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன், ஐப்பசி கடைசியில், அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்தவர். ஒரு சோடி கறுத்தத் தோல் செருப்போடு விமானத்தை விட்டு இறங்கினார். இடது செருப்பின் வார் எப்போதோ அறுந்து, தடித்த வெள்ளை நூலால் தைத்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த குளிர்ச் சப்பாத்து காலைக் கடிக்கிறது என்றார். கம்பளிக் காலுறைக்கு மேல் அந்தச் செருப்பைக் கொழுவிக்கொண்டு தினமும் காலையில் மகளோடு பஸ் வரும் இடத்துக்கு நடந்து போவார். பஸ்காரர் கதவைத் திறந்து முதலில் அவருடைய காலைப் பார்ப்பாராம், பிறகு முகத்தைப் பார்த்துச் சிரிப்பாராம். அப்பா கையைத் தூக்குவாராம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காமலே மூன்று கிழமையில் இருவரும் சிநேகிதராகிவிட்டார்கள்.

"அந்தப் பஸ்காரப் பெடியன் நல்லவன்," என்றார் அப்பா. அறுபது வயதுப் பெடியன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனைவி கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கிற நாளெல்லாம் புகை அலாம் கத்தித் தொலைக்கும். ஒரு நாள் எரிச்சலில் கதிரையைப் போட்டு ஏறி, சமையலறையில் இருந்ததையும் பேஸ்மென்ட் படிக்கு மேலே இருந்ததையும் கழற்றி, உள்ளே இருந்த பற்றரியை எடுத்து மகனுடைய விளையாட்டுக் காருக்குப் போட்டேன். கார் நன்றாக ஓடியது.

அப்பா வந்து மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடத்தின் முதல் பனி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா பேஸ்மென்ட் அறையில் போய்ப் படுத்தார். மனைவி மகனைப் பனி விளையாடப் பின்வளவுக்குக் கூட்டிப் போனாள். மகள் மேசையில் வீட்டுப்பாடம் செய்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். சமையலறைக்குப் பின்னால், பேஸ்மென்ட் படி தொடங்கும் இடத்தில், உடுப்புக் காயவைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாயில் எத்தனை மாதத்துப் பஞ்சு அடைத்துக் கிடந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இருமிக்கொண்டு எழும்பினேன். சமையலறை வாசலில் கறுப்புப் புகை திரண்டு நின்றது. மகளின் கையைப் பிடித்தேன். மற்றக் கையால் அலுமாரிக்கு மேலே இருந்த நீலப் பையை இழுத்தேன். முன்கதவால் வெறுங்காலோடு பனிக்குள் பாய்ந்தோம்.

அந்தப் பையைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், வீட்டு உறுதி எல்லாம் ஒரே பைக்குள். ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் பழகிய பழக்கம்: ஓட வேண்டி வந்தால் முதலில் பை. அது கையில் இருந்தால் எங்கே போயும் மனிதராக நிற்கலாம் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்கும் பை கையில் இருந்ததால் எல்லாம் வெளியே வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

நாங்கள் வெளியே வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மனைவி பின்வளவிலிருந்து தொலைபேசியில் கத்துவது கேட்டது. பெட்டி கத்தும் முன்பே புகையைக் கண்டிருக்க வேண்டும், பஸ்காரர் தன் வண்டியில் வந்து குதித்தார். ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தது, மற்றது போகவில்லை. பிரெஞ்சில் கேட்டார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

"சும்மா இரு! பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வராதை," என்று அவளை அதட்டினேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "பெர்சோன்," என்றேன். ஒருவரும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார். எந்தத் தமிழ் வீட்டையும்போல எங்கள் வாசலிலும் சப்பாத்தும் செருப்புமாகக் குவிந்து கிடந்தது. இரண்டு எட்டில் படியேறி, குனிந்து, அந்தக் குவியலுக்குள் கையை விட்டு ஒற்றைச் செருப்பை எடுத்துத் தூக்கிக் காட்டினார். அந்த வெள்ளை நூல் தையல் நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது.

என் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் போதுமாக இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து நிற்கவும், அவர் செருப்பைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு, முகமூடியை மாட்டி, இன்னொருவரோடு உள்ளே போகவும் சரியாக இருந்தது.

நான் உள்ளே ஓடப் பார்க்கவில்லை. யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மகள் பல் கிடுகிடுக்க நின்றாள். அவளை அணைக்க எனக்குக் கை இல்லை, பை இருந்தது.

அப்பாவை வெளியே கொண்டுவந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இருமினார். அந்த இருமல் சத்தத்தைப்போல நல்ல சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அம்புலன்ஸ் கட்டிலில் கிடத்திய பிறகு பஸ்காரர் முழங்காலிட்டு, கோட்டுப் பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்து அப்பாவின் இடது காலில் மாட்டிவிட்டார். அப்பா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தபடி இருந்தார். என்னை அவர் தேடவில்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் அப்பாவுக்குக் குரல் திரும்பியது. முதல் கேட்டது இது:

"தம்பி, என்ரை பாஸ்போட் எரிஞ்சு போச்சே?"

"இல்லை அப்பா. அதை நான் வெளியிலை கொண்டு வந்திட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அப்பா "ம்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு நானே பல சாட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காக வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்து மூன்று கிழமைதான், மனதுக்குள் இன்னும் பதியவில்லை என்பது ஒன்று. அடுத்தது கொஞ்சம் பெரிய சாட்டு. நான் வளர்ந்த காலத்தில், சீருடை போட்டவன் படலையில் நின்று உள்ளே யார் என்று கேட்டால், ஒருவரும் இல்லை என்பதுதான் விடை. உள்ளே எத்தனை பேர் ஒளிந்திருந்தாலும் அதுதான் விடை. அந்தப் பொய்யால் உயிர் தப்பியவர்கள் உண்டு. அது என் வாயில் ஊறிப்போயிருந்தது, கோட்டைக் கண்டதும் தானாக வந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எங்களிடம் எதற்கும் ஒரு யுத்தம் கைவசம் இருக்கிறது. ஆனால் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிள்ளையை அதட்டியது எந்த ஆமி? அதற்கு விடை கிடைக்காததால் அந்தச் சாட்டு எனக்கு உதவவில்லை.

உண்மையைச் சொல்லாமல் இருந்தது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நான் கதை கட்டினேன். அதுவும் பெரிதாகத் திட்டமிட்டு அல்ல. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ரொறன்ரோவிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் எடுத்தார். "நீ அப்ப என்ன செய்தனி?" என்று கேட்டார். "நான் ஓடப் பாத்தனான் அண்ணை, விட்டாத்தானே," என்றேன். வாய் தவறி வந்த ஒரு வசனம். அது மொன்றியலுக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. கோயிலில் ஒருவர் கேட்டார், பிறந்தநாள் வீட்டில் இன்னொருவர் கேட்டார். கதைக்குக் காலும் கையும் முளைத்தது. இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள், நான் உதறினேன், கடைசியில் பஸ்காரர் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, "உன் அப்பாவை நான் கொண்டுவருகிறேன்" என்றார் என்ற அளவுக்கு வந்துவிட்டது. பல தடவை இதை நான் அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டே நாக்கூசாமல் சொன்னேன். அவர் தட்டில் இருக்கும் வடையைப் பிய்த்துக்கொண்டு இருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வீடு திருத்தி முடிய ஆறு மாதம் ஆனது. திரும்பிப் போன கிழமையே பஸ்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே புதுப் புகை அலாம்கள். ஏணி கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தானே பூட்டினார். சமையலறையில் பூட்ட வேண்டியதை அடுப்புக்குத் தூரமாக வைத்தார். பற்றரியைக் கழற்ற முடியாத வகையைத்தான் தேடி வாங்கியிருந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், அப்பாவின் முதுகில் தட்டினார், போனார். அவர் என்னைக் குறை சொல்லும் முகத்தோடு ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால்தான் அவரைக் காண என்னால் முடியவில்லை. டெப்பனர் வாசலில் அவருடைய வண்டி நின்றால், அவர் வெளியே வந்து போகும்வரை நான் என் வண்டிக்குள்ளேயே இருப்பேன். பால் வாங்க அரை மணி நேரம் எடுத்த நாளும் உண்டு.

அப்பாவிடம் அந்தக் காலத்தில்தான் ஒரு விசித்திரப் பழக்கம் தொடங்கியது. அவர் வீட்டுக்குள் இருக்கும் நேரமெல்லாம் அந்தச் செருப்பு வாசல்படிக்கு வெளியே, மற்றவற்றோடு சேராமல் தனியாக, ஒழுங்காக இருக்கும். எங்காவது வெளிக்கிட்டால் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, செருப்பைத் தூக்கிப்போய்த் தன் அறை அலுமாரிக்குள் வைத்துவிடுவார். உலகத்தில் எல்லாரும் வெளியே போகும்போது செருப்பைப் போடுவார்கள், என் அப்பா வெளியே போகும்போது செருப்பை உள்ளே வைப்பார் என்று நான் பகிடி பண்ணுவேன். மாரி காலத்தில் அதன்மேல் பனி கொட்டும். நான் உள்ளே எடுத்து வைப்பேன். அரை மணி நேரத்தில் அது திரும்ப வெளியே இருக்கும். "வயது போனால் இப்படித்தான்," என்பேன் மனைவியிடம்.

போன பங்குனியில் கிராமத்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எடுத்தாள். பஸ்காரர் ஓய்வு பெறுகிறார், விழா வைக்கிறோம், அவர் காப்பாற்றிய குடும்பம் என்ற முறையில் நீங்கள் சில வார்த்தை பேச வேண்டும் என்றாள். முடியாது என்று சொல்ல என் பிரெஞ்சு போதவில்லை. "வி, மெர்சி," என்று ஓம் சொல்லி வைத்துவிட்டேன்.

என் பிரெஞ்சு துறைமுகப் பிரெஞ்சு. கொள்கலனை எங்கே இறக்குவது என்று கேட்கப் போதும். அதனால் பேச்சை மகளிடம் எழுதித் தரச் சொன்னேன். பதினைந்து வயதாகிவிட்டது, தமிழைவிடப் பிரெஞ்சுதான் அவளுக்கு வாய்க்கு வரும். இரண்டு நாளில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அழகாக இருந்தது: காலையில் பஸ், அப்பப்பாவின் கையசைப்பு, பனி, புகை. நடுவில் ஐந்தாறு வரிக்கு வெறும் இடம்.

"இதென்ன பிள்ளை, இதிலை ஒண்டும் இல்லை?"

"அந்த இடத்தை நீங்களே எழுதுங்கோ அப்பா," என்றாள். "எனக்கு எழுதத் தெரியேல்லை."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்றைக்குச் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு, அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான்தான் முடிவு கட்டியிருந்தேன். நான் அந்த இடத்தை எழுதவில்லை. மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதற்குத் தாவிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தாளை மடித்து வைத்தேன்.

அதோடு போயிருந்தால் தப்பியிருப்பேன். விழாச் செய்தி எப்படியோ மொன்றியலுக்குப் போய், அங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் எடுத்தார்.

"அண்ணை, எங்கடை ஆக்களின்ரை சார்பிலையும் ஒரு கௌரவம் செய்யவேணும். நாங்கள் வாறம்."

"தூரம் தம்பி. நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்?"

"என்ன தூரம்? பாலம் தாண்டினா வந்திடும். நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை."

சித்திரையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், தேவாலயத்துக்குக் கீழேயுள்ள மண்டபம். வெளியே பனி கரைந்து ஒரே சேறு. கிராமமே வந்திருந்தது. பஸ்காரரின் பழைய தலைக்கவசத்தைப் பலகையில் பொருத்திப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் முன்பக்கம் முழுவதும் புகைக் கறுப்பு. துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள். அவருடைய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்ப் பெரியவர்களாகி, இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். ஒரு பண்ணைக்காரர் பேச வந்து, மாட்டுக் கொட்டில் எரிந்த அன்று இந்த மனிதர் கன்றுக்குட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு அழுதார். பஸ்காரர் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் குளிர்ச் சப்பாத்து கடித்ததைவிட அவருக்குப் புகழ்ச்சி கூடுதலாகக் கடித்தது போலிருந்தது.

பிறகு எங்கள் தலைவர் மேடை ஏறினார். மனுசனுக்கு நல்ல பிரெஞ்சு. பஸ்காரருக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். அந்தத் தோளுக்கு அது துவாய் அளவுக்குத்தான் வந்தது. பஸ்காரர் அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குப் போர்த்தி மற்றவரை விடும் வழக்கம் எங்கே இருக்கிறது? தலைவர் பைக்குள்ளிருந்து இரண்டாவது ஆடையை எடுத்தார்.

"இன்னொரு வீரரும் இங்கே இருக்கிறார்," என்றார் பிரெஞ்சில். பிறகு கதையைச் சொன்னார், என் கதையை. தகப்பனுக்காக நெருப்புக்குள் பாயப் போன மகன், பிடித்த இரண்டு பேர், நெஞ்சில் வைத்த கை. நான் சொன்னதற்கு மேல் அவரும் கொஞ்சம் போட்டிருந்தார். என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து, நாவல் நிறத்தைத் தோளில் போட்டார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

நான் பஸ்காரரைப் பார்த்தேன். முறைத்திருந்தால், சிரித்திருந்தால், தலையைத் திருப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரும் கை தட்டினார். மெதுவாக, மரியாதையாக, எனக்காக அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு கை தட்டினார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறுத்துப்போனதில்லை. மானம் கப்பலேறுவது என்பார்கள். என்னுடையது அந்த மேடையில் எல்லாரும் எழுந்து நிற்க, கைதட்டலோடு ஏறியது.

மைக்கை என் கையில் தந்தார்கள். தாளை விரித்து வாசித்தேன். பஸ் வந்தது, கையசைப்பு வந்தது, பனி வந்தது. வெறும் இடமும் வந்தது. நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில் மகள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாவ முடியவில்லை.

"தலைவர் சொன்னது நடக்கவில்லை," என்றேன் என் துறைமுகப் பிரெஞ்சில். "அவர் என்னிடம் உள்ளே யார் என்று கேட்டார். நான் ஒருவரும் இல்லை என்றேன். என் மகள் சொல்ல வந்தாள். நான் வாயை மூடு என்றேன். நான் ஓடவில்லை. என் கையில் பை இருந்தது. பைக்குள் அப்பாவின் கடவுச்சீட்டு இருந்தது. அப்பா உள்ளே இருந்தார். இவர் என்னை நம்பவில்லை, செருப்பை நம்பினார். அதனால் அப்பா இருக்கிறார்."

இலக்கணம் எல்லாம் பிழை. ஆனால் விளங்காதவர் அங்கே யாரும் இல்லை, ஒரே ஒருவரைத் தவிர. எங்கள் தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் யாரோ தட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அப்பாவும் சுற்றிவரப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, தன் மகன் நன்றாகப் பேசிவிட்டான் என்று தட்டினார்.

அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு விளங்காத மொழியில் சொல்லிவிட்டு, பாரத்தை இறக்கியவன் மாதிரி நிற்கிறேன்.

கேக் மேசைக்குப் பக்கத்தில் பஸ்காரர் என்னிடம் வந்தார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது. "உன் அப்பாவுக்குச் சொன்னாயா?" என்று கேட்டார். மூன்றரை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். தலையை ஆட்டினார். ஒரு துண்டுக் கேக்கைக் கடதாசித் தட்டில் வைத்து, அப்பாவிடம் கொடு என்று என் கையில் தந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போக ஐந்து நிமிட ஓட்டம். அப்பா முன்சீற்றில் தட்டை மடியில் வைத்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் பின்னால்.

"என்ன சொன்னனி? எல்லாரும் எழும்பி நிண்டு தட்டிச்சினம்."

தேவாலயத்தைத் தாண்டி, டெப்பனரைத் தாண்டி, வளைவுக்கு வந்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் உள்ளுக்கை இருக்கேக்கை, அவர் ஆரும் உள்ளை இருக்கினமோ எண்டு கேட்டவர். நான் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். உங்களை நான் மறந்து போனன் அப்பா."

தமிழில் அது எவ்வளவு சின்ன வசனமாக இருந்தது. அப்பா கேக்கின் ஓரத்தை விரலால் சரிசெய்தார்.

"தெரியும்," என்றார். "பிள்ளை ஆஸ்பத்திரியிலையே சொன்னவள். அழுதுகொண்டு சொன்னவள், பாவம். அப்பாவோடை கோவிக்காதேங்கோ எண்டும் சொன்னவள்."

அப்படியென்றால், நான் நெருப்புக்குள் பாயப் போன கதையை அவருக்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வடைக்கும் தெரியும். எனக்கு வண்டியை நேராக ஓட்டுவதே பாடாக இருந்தது.

"ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை?"

வீட்டு வாசலில் இறங்கினோம். அப்பா சப்பாத்தைக் கழற்றினார், தட்டை மகளிடம் கொடுத்தார், சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தச் செருப்பு. கதவைத் திறந்து, குனிந்து, வாசல்படிக்கு வெளியே இரண்டையும் ஒழுங்காக வைத்தார். வெள்ளை நூல் தைத்த பக்கம் தெருவுக்குத் தெரிய, கொஞ்சம் திருப்பி வைத்தார். நான் பொன்னாடையோடு பக்கத்தில் நின்றேன்.

"உன்னோடை எனக்குக் கோவம் இல்லை," என்றார், நிமிராமலே. "நீ மறந்தாலும் வாறவனுக்குத் தெரியவேணும், நான் உள்ளுக்கை இருக்கிறன் எண்டு."